ஹால் கேமரா

"இதுக்குள்ள என் வீட்டுக்காரியோட கடைசி நேரம் இருக்கும்மா. எப்படியாவது எடுத்துக் கொடுத்துடு."

பெரியவர் துணிப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செத்த ஹார்ட் டிஸ்க்குகளைப் பிழைக்க வைக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

"பதறாம சொல்லுங்க ஐயா."

"எங்க ஹால்ல ஒரு கேமரா இருக்கு. அது பிடிக்கிறதெல்லாம் இந்தப் பெட்டியிலதான் சேரும். வெளியூர் போறதுக்கு முன்னாடி என் பையன் மாட்டினது. போன மாசம் என் வீட்டுக்காரி ஹால்ல தடுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சு, எழுந்திரிக்க முடியாம, மத்தியானம் பூரா தரையிலயே கிடந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க."

"வீட்டுல யாரும் இல்லையா?"

"நான் லைப்ரரிக்குப் போயிருந்தேன். மருமக இருந்தா. அவளே ஒத்துக்கிட்டா. தூங்கிட்டேன், காதுல விழலைங்கறா. தூக்கமாவது ஒண்ணாவது! கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்திருப்பா. கேமராவைப் பார்க்கணும்னு நான் சொன்ன மறுநாளே பெட்டி மாடிப்படியில விழுந்துடுச்சு. தூசி தட்டும்போது கை தவறிடுச்சாம்!"

டாக்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு டிஸ்க்குகள்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு கைகொடுக்கும்னுதான் ரெண்டு வைக்கிறது. உங்க நேரம், முதல் டிஸ்க் எப்பவோ செத்திருக்கு. சிவப்பு விளக்கு எரிஞ்சதை யாரும் கவனிக்கல. ரெண்டாவதுல, விழுந்த வேகத்துல உள்ள இருக்கிற ஊசி வளைஞ்சிருக்கு. இதே மாதிரி இன்னொரு டிஸ்க்கைத் தேடிப் பிடிச்சு, அதோட ஊசியை இதுல மாத்திப் பார்க்கணும். கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"பாரும்மா. அவ சாயம் வெளுக்கணும். அதுக்கப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல."

வெளியே போனவர், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வாசலில் சற்று நின்றார். துக்கம் மனுஷனை எப்படியெல்லாம் ஆட்டி வைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து மருமகள் தனியாக வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது.

"மாமா ஒரு பெட்டி கொடுத்திருக்கார் இல்லீங்களா? அதுல ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க."

"அது கை தவறி விழல. சரிதானே?"

அவள் தலை குனிந்தாள். "ஆமா. நான்தான் போட்டு உடைச்சேன்."

"அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சே?"

"பார்த்துட்டுதான் உடைச்சேன். மாமா அதைப் பார்க்கக் கூடாதுங்க. தாங்க மாட்டார்."

"தாங்க மாட்டாரா, இல்ல உங்களை வீட்டுல வச்சுக்க மாட்டாரா?"

மருமகள் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

"அப்படி என்னதான் நடந்தது? சொல்லுங்களேன்."

"வெளிய சொல்ற விஷயமில்லீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவ இல்லம்மா. போயிட்டு வாங்க."

அவள் போனபிறகும் டாக்டருக்கு ஆறவில்லை. ஒரு மனுஷி தரையில் கிடந்து சாக, கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள்! கையில் இருந்த மற்ற வேலைகளையெல்லாம் ஓரங்கட்டினாள். பழைய டிஸ்க் விற்கிற கடைகளில் சல்லடை போட்டுத் தேடி, அதே ரகத்தில் ஒன்றைப் பிடித்தாள். ஊசியை மாற்றினாள். டிஸ்க் முதலில் இருமியது, கிறீச்சிட்டது. மூன்றாவது முயற்சியில் சீராகச் சுழன்றது. சாவு நடந்த அன்றைய பதிவு முழுசாக வந்துவிட்டது. அடுத்தவர் வீட்டுப் படத்தை அவள் போட்டுப் பார்ப்பதில்லை. பெரியவருக்கு மட்டும் போன் செய்தாள்.

அவர் மருமகளையும் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"நீயும் நின்னு பாரு. உன் லட்சணத்தை நீயும் பார்க்கணும்ல?"

"மாமா, வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம், வாங்க."

"இப்பவே உதறுதா? நீ போடும்மா."

டாக்டர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படத்தை ஓடவிட்டாள்.

காலியான ஹால். சமையலறையிலிருந்து வந்த அம்மாள், மிதியடி தடுக்கி விழுந்தாள். எழ முயன்றாள், முடியவில்லை. "என்னங்க... என்னங்க..." என்று ஸ்பீக்கரில் ஈனமாக ஒரு குரல்.

பெரியவர் வாய்விட்டு அழுதார். "என்னைத்தான் கூப்பிட்டிருக்கா! பாவி நான், அந்த நேரம் பார்த்து வீட்டுல இல்லாம போயிட்டேனே!"

உள்ளறையிலிருந்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது.

"வர்றா பாரு!" என்று பெரியவர் திரையை நோக்கிச் சாய்ந்தார்.

மருமகள் பாய்ந்து வந்து, பின்னாலிருந்து அவர் கண்களை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தினாள். "பார்க்காதீங்க மாமா! பார்க்காதீங்க!"

அவளால் கண்களைத்தான் பொத்த முடிந்தது. ஸ்பீக்கரில் பெரியவரின் குரல், வெகு மரியாதையாகக் கேட்டது:

"யாரும்மா நீங்க? எங்க வந்து படுத்திருக்கீங்க? உள்ள என் வீட்டுக்காரி தூங்கறா, சத்தம் போடாதீங்க."