பதினோராம் நம்பர்

"இந்தப் பதினோராம் நம்பரைத் தூக்கிடுவோம்டா. இந்த ஆள் இருந்தா நம்ம கேம் உருப்படாது" என்றான் மதியழகன்.

ஆரோக்கிய பிரவீனுக்கும் அதே எரிச்சல்தான்.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. இரண்டு நண்பர்கள், இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு கேம். வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டும். அதற்கு முன்னால் இருபது பேரைச் செல்போனில் ஆடிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லிங்க் போட்டதும் யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு எண் கொடுத்ததோடு சரி.

கேம் இதுதான். சூரிய வெளிச்சம்கூட எட்டாத தூரத்தில் பழுதாகி நிற்கிறது ஒரு விண்கலம். உள்ளே நான்கு பேர். வெளியே, உருவமென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, மலை மலையாக. அதற்கு மனிதர்மேல் கோபமும் கிடையாது, பகையும் கிடையாது. நடக்கிறபோது நாம் எறும்பைப் பார்க்கிறோமா என்ன? ஆனால் அதைப் பார்த்தவனுக்குப் புத்தி பேதலித்துவிடும்.

சைரன் அடித்ததும் தப்பிக்கும் அறைக்குள் ஓடிவிட வேண்டும். வாசலில் ஒருவர் பிடியை அழுத்திக்கொண்டு நின்றால்தான் கதவு திறந்திருக்கும். பிடியை விட்டுவிட்டு அவர் உள்ளே பாய்ந்துவிடலாம். பின்னால் வருகிறவன் கதி அதோகதி. கடைசி ஆள் வரட்டும் என்று காத்திருந்தால், அது வந்துவிடும்.

"அடுத்தவனை அம்போன்னு வுட்டுட்டு ஓடறதுலதான்டா த்ரில்லே" என்பான் மதி.

நான்கு பேருக்கும் ஒரே வெள்ளை உடை, ஒரே தலைக்கவசம். தனித்தனியாக வரைய ஆளில்லை என்பதுதான் உண்மை. மதி அதற்கு ஸ்டைல் என்று பெயர் வைத்திருந்தான்.

"பாரு, அறுபத்து மூணு ஆட்டம். அறுபத்து மூணுலயும் செத்திருக்கான். பிடியைப் புடிச்சா வுடவே மாட்டேங்கறான். போதாக்குறைக்கு, ஓடி வர்றவங்களைப் பார்த்து டார்ச்சை வேற இப்படியும் அப்படியும் ஆட்டறான்."

பிரவீனுக்கும் அந்த அனுபவம் உண்டு. நேற்று மதியம் அவனே ஓர் ஆட்டத்தில் இறங்கிப் பார்த்தான். கடைசியாக ஓடி வந்தது அவன்தான். வாசலில் டார்ச் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. இவன் உள்ளே நுழைந்த பிறகுதான் அணைந்தது. பயந்து சாக வேண்டிய இடத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். பற்றிக்கொண்டு வந்தது.

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. அப்பா யாகப்பன் பொம்மிடி பக்கம் ரயில்வே கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனுஷர். அன்றைக்குப் பேசினார்.

"நல்ல வேலைய வுட்டுட்டுப் பேய் பொம்ம செய்யப் போறியா? அப்ப இந்த வூட்டுப் படி ஏறாத."

இவனும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா ராயம்மாள் மட்டும் போனில் பேசுவாள். அப்பா பேச்சை அவளும் எடுப்பதில்லை, இவனும் கேட்பதில்லை.

கேம் படுத்துவிட்டால் அப்பா சொன்னதே சரி என்று ஆகிவிடும். பிரவீனைப் பயமுறுத்தியது அந்த நினைப்புத்தான். விண்வெளிப் பூதமெல்லாம் அதற்கு அப்புறம்.

"சொல்லாமக் கொள்ளாமத் தூக்கினா நல்லா இருக்காது மதி. போன் பண்ணிச் சொல்லிடறேன். கொஞ்சம் திட்டவும் செய்யறேன். நம்பரைச் சொல்லு."

மதி கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். பிரவீன் அடித்துக்கொண்டே வந்தான். எட்டாவது எண்ணிலேயே செல்போன் பெயரைக் காட்டிவிட்டது.

அப்பா.

"கடைசி ரெண்டு நம்பர் நாலு, ஏழு. என்னடா, அடிச்சியா?"

அடித்தான். பெயர் மாறவில்லை. கை தானாகப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது. ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார்.

"பிரவீனு?"

இரண்டு வருடத்துக்கு அப்புறம் கேட்கிற குரல். திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அழுகைதான் வரும்போல இருந்தது.

"அப்பா... பதினோராம் நம்பர் நீங்களாப்பா?"

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு.

"தெரிஞ்சிபோச்சா? உங்கம்மா போன்ல பார்த்தேன். ஆளு வேணும்னு போட்டிருந்தே. சரியா ஆடத் தெரியலப்பா. தூக்கறதுன்னா தூக்கிடுங்க."

"அதுக்கில்லப்பா. அறுபத்து மூணு தடவ ஆடியிருக்கீங்க. ஒரு தடவயாச்சும் பிடிய வுட்டுட்டு நீங்க உள்ள வந்திருக்கலாம் இல்ல?"

"எப்பிடி வர்றது? எல்லாரும் ஒரே மாதிரி தொப்பிய மாட்டிக்கிட்டு ஓடியாறாங்க. அதுல எவன் நீயின்னு எனக்கு எப்பிடிப்பா தெரியும்?"