வாபஸ் வாங்க மூன்று மணி வரை

எங்கள் பேரூராட்சியில் நூறு புகார் கொடுத்தவரின் பெயரில் வேட்புமனு தானாகவே தாக்கலாகிவிடும். கொசுவின் பருமன் பற்றிக்கூட எழுதிய நான், அதனால்தான் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்தியிருந்தேன். நூறாவதை யாரோ என் பெயரில் போட்டுவிட்டார்கள். போட்டிக்கு வேறு ஆளில்லை. மூன்று மணிக்குள் நேரில் போய் வாபஸ் வாங்காவிட்டால் நான்தான் தலைவர்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் அது முதல் வணக்கம்.

மதியம் என் மனைவி பூங்கோதை விசேஷம் எதுவுமில்லாமல் பாயசம் வைத்தாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்திக்குங்க" என்றாள். சந்தேகப்பட்டேன், ஊற்றிக்கொண்டேன்.

கண் விழித்தபோது மணி மூன்றேகால்.

"ஏன் எழுப்பல?"

பூங்கோதை கைகட்டி நின்றாள். "தலைவரே, நம்ம தெருச் சாக்கடை அடைச்சிருக்குங்க. எழுதிக்குங்க, இது என்னோட முதல் புகார்."