கடைசிச் சரணம்

கிறிஸ்துமஸ் பாட்டில் முதல் நான்கு சரணமும் பாடகர் குழுவுக்கு, கடைசிச் சரணம் சபைக்கு. அந்தக் கோயிலில் காலங்காலமாக அதுதான் வழக்கம். மேய்ப்பர்கள் மலையிறங்கித் தொழுவத்து வாசலை எட்டும்வரை குழு பாடும். பிள்ளை பிறப்பது சபையார் வாயில்தான். அதற்காகவே ஞானசெல்வம் விடியுமுன் மிளகு மென்று, தொண்டையைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். நான்காம் சரணம் முடிந்ததும், குழுவுக்குப் புதிதாகத் தலைவனான டேவிட்சன் சட்டென்று கையை மடக்கினான். ஆர்கன் நின்றுவிட்டது. பாட்டு நீண்டால் நேரலையை யாரும் பார்க்க மாட்டார்களாம். "சபையார் உட்காரலாம்," என்றார் போதகர். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஞானசெல்வம் உட்காரவில்லை.

"எப்படி ஐயா உக்காருவேன்? மேய்ப்பமாரு வாசல்ல நிக்காவ. உள்ள பிள்ளை இன்னும் பொறக்கல."

டேவிட்சன் மறு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, "கடைசிச் சரணத்த அடுத்த வருசம் பாடிக்கிடலாம், உக்காருங்கக்கா," என்றான்.

"அதுவரைக்கும் மரியாள் வலியோட கெடக்கணுமால?"

பெண்கள் பக்கத்தில் புதுச்சேலைகள் ஒவ்வொன்றாகச் சரசரத்து எழுந்தன. டேவிட்சனின் மடக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.