இனியன் அனுப்பிய செய்தி

“அவன் கம்பெனி ஆளு சுமா. இன்னியோட அவனத் தல முழுவிடு” என்றாள் அஞ்சலாட்சி.

தட்டாஞ்சாவடி தையல் ஃபேக்டரியின் முன்கேட்டில் வேலைநிறுத்தப் பந்தல். பதினோராம் நாள். சங்கத் தலைவி அஞ்சலாட்சி, செயலாளர் சுமலதா. செயலாளரே ஆறு மாதமாக ‘அந்தப் பக்கத்து’ ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அன்று காலையில்தான் வெளியே தெரிந்தது.

“அவன் நம்மளக் காட்டிக் குடுக்க மாட்டான்க்கா.”

“அவன் ஆளே இல்லடி. போனுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டரு.”

லீவு கேட்கவும் கேட் பாஸ் வாங்கவும் கம்பெனி எல்லோர் போனிலும் ஏற்றிவிட்ட ஏஐ அது. பெயர் இனியன். சுமலதாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது லீவு கொடுத்ததோடு நிற்காமல், மறுநாள் ‘கட்டு பிரிச்சாச்சா?’ என்று கேட்டது.

அதில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்த இரண்டு பேரை அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். காரணத்தை வீட்டில் சொல்ல முடியவில்லை.

“இப்ப என்னா சொல்றான் உன் இனியன்?”

சுமலதா போனை நீட்டினாள். ‘மூணு மணி பேச்சுவார்த்தைக்குப் போகாதீங்க. அந்த நேரத்துல பின்கேட்டுக்கு லாரி வருது. தையல் மெஷினெல்லாம் ஏத்திட்டுப் போயிடுவாங்க.’

பேச்சுவார்த்தைக்கு எல்லோரையும் பீச் ரோட்டு ஆபீசுக்கு வரச் சொல்லி, நிர்வாகம் பஸ்ஸும் அனுப்பியிருந்தது. போகாவிட்டால், பேச வரவில்லை என்று சொல்லி மொத்தப் பேரையும் நீக்கிவிடலாம். போனால், இனியன் சொல்வது உண்மையென்றால், திரும்பும்போது ஃபேக்டரி வெறும் கொட்டகை.

“நம்மளப் போவவுடாம பண்ண அவங்களே சொல்ல வெச்சிருந்தா?” என்றாள் அஞ்சலாட்சி.

‘நிஜமா?’ என்று சுமலதா அனுப்பியபோது மணி ஒன்று ஐந்து. பதில் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை வரை இனியன் எப்போதுமே பதில் போடுவதில்லை. பந்தலே அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று முப்பத்திரண்டுக்கு வந்தது. ‘நிஜம். இதைச் சொன்னதுக்கு என்னை நிறுத்திடுவாங்க. பரவால்ல.’

சுமலதா எழுந்தாள். “நான் பின்கேட்டுக்குப் போறேன். லாரி வரலன்னா சங்கமும் வாணாம், வேலையும் வாணாம், என்னைத் தள்ளி வெச்சிடுங்க.”

அஞ்சலாட்சி அவளையே பார்த்தாள். பிறகு பஸ் டிரைவரிடம் போய், “நீ கெளம்புப்பா, நாங்க வரல” என்றாள்.

மூன்று பத்துக்கு லாரிகள் வந்தன. பெண்கள் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே வந்த முதல் லாரி, சுமலதாவின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் நகரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து லாரிகள் காலியாகத் திரும்பின. மறுநாள் பந்தலுக்கே வந்து பேசுவதாக நிர்வாகம் சொல்லி அனுப்பியது.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, சுமலதா ஒதுங்கிப் போய்ப் போனைத் திறந்தாள். ‘இந்தச் சேவை நிறுத்தப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. அவள் குலுங்கி அழுதாள். அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை திட்டவில்லை.

மறுநாள் காலை, ஒல்லியான ஓர் இளைஞன் பந்தல் வாசலில் தயங்கி நின்றான்.

“சுமலதாங்களா? நான் செல்வகுமார். ஒழவர்கரைல, உங்க கம்பெனிக்கு வேல செஞ்சு குடுக்கிற ஆபீஸ்ல இருந்தேன். நேத்து சாயந்தரம் தூக்கிட்டாங்க.”

“எதுக்கு?”

“லாரி வர்றத உங்களுக்குச் சொன்னதுக்கு.”

“அது இனியன் சொன்னது” என்றாள் சுமலதா. “அது கம்ப்யூட்டரு.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“பதில் போடறது மனுஷன்னு சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட எழுதி வாங்கியிருந்தாங்க.”