எந்த மருந்து கேட்டது?

“நீங்க சிகரெட் பிடிச்சிட்டிருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், தம்பி.”

மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவனின் கை நழுவியது. கடை ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு எதிரே நின்றார் வருங்கால மாமனார். ஓய்வுபெற்ற நீதிபதி. கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது.

“ஆமா மாமா. விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கோர்ட்ல எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க.” நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. “எதை வெச்சு விட்டீங்க?”

தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் மனுஷர் விசாரணைக்கே வந்திருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

“முதல்ல நிக்கோடின் சூயிங்கம். மென்னு மென்னு தாடை வலிச்சதுதான் மிச்சம். அப்புறம் தோல்ல ஒட்டற பேட்ச். காலையில ஒட்டிக்கிட்டு சாயங்காலமே பத்த வெச்சுட்டேன்.”

“அப்ப அதெல்லாம் வீண்?”

“தனித்தனியா எடுத்தா ரெண்டும் நொண்டிக் குதிரை, சேர்த்து எடுத்தா ஓடும்னு டாக்டர் சொன்னார். இல்லாட்டி அதுக்குச் சமமா ஒரு மாத்திரை இருக்குன்னார். எனக்கு அந்த மாத்திரைதான் கேட்டுச்சு.”

“தொந்தரவு ஏதும்?”

“குமட்டல். படுத்தா ஒரே கனவு.”

“என்ன கனவு?”

“இப்படித்தான், யாராவது நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. “கோபம் வருமா? வீட்ல பாத்திரம் பறக்குமா?”

“கொஞ்ச நாள் அம்மாவே என் பக்கம் வரப் பயந்தாங்க.”

“மறுபடி தொடணும்னு தோணுதா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் வாய் கேட்டால்தானே.

“தோணும் மாமா. இப்பக்கூட தோணுது.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு.

மாமனார் போய்க் கடைக் கதவைச் சாத்தினார். விறைத்தே நின்ற முதுகு லேசாகத் தளர்ந்தது.

“எங்க குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. அதுல சாம்பல் விழறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது.”

“புரியுது மாமா. நானே வீட்ல சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திடறேன்.”

“நிறுத்தறதா?” அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “சிகரெட்டைக் கையாலயும் தொடாத வரனையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, விட்டு ஜெயிச்ச ஒருத்தரைத் தேடிப் பிடிச்சிருக்கேன், மாப்பிள்ளை. உங்ககிட்டயே கேட்டுக்கறேன்னு என் பொண்ணு வெளிய கார்ல உக்காந்திருக்கா. அவளுக்கும் சூயிங்கம் கேக்கல, பேட்ச்சும் கேக்கல.”