கட்டை விரல்

"சார், கடைசி பெஞ்சு மறுபடியும் கண்ணை மூடிடுச்சு!"

வருகைப் பதிவேட்டோடு வந்த ஆபீஸ் கமலினி சந்தோஷமாகக் கோள் சொன்னாள்.

தில்லை நகரில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தத் துறைமுக மேலாண்மைப் பயிற்சி மையம். திருச்சியில் ஏது கடல் என்று கேட்கக் கூடாது. ஏசி இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, டாக்டர் பட்டம் வாங்கிய பிரஹலாத் இருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்காரர். கப்பலைக் கம்ப்யூட்டரில் நிறையப் பார்த்திருக்கிறார்.

கடைசி பெஞ்சு வீரமலைக்குச் சொந்த ஊர் தொட்டியம். இருபத்தாறு வருஷமாகத் துறைமுகத்தில், கீழே நின்று கிரேன் டிரைவருக்குச் சைகை காட்டுகிற வேலை. இந்த மூன்று நாள் பயிற்சியில் பாஸானால்தான் வேலை நிலைக்கும். மனுஷனுக்கு அந்தப் பயம் இருந்தால்தானே!

"வீரமலை! தூங்கறதுக்கா உங்களை இங்க அனுப்பிச்சிருக்காங்க?"

"இல்லீங்க சார்."

"அப்ப இங்க பாருங்க. சரக்கு சரியான இடத்துக்கு வந்தாச்சு, எல்லாம் ஓகே. டிரைவருக்கு எப்படிச் சொல்லணும்? இப்படி!"

பிரஹலாத் கையை நீட்டி, கட்டை விரலை உயர்த்தினார்.

வீரமலை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பே சிரித்தது.

மூன்றாம் நாள் தேர்வு. ஒவ்வொருவராக வந்து சைகை காட்ட வேண்டும். துறைமுக வேலைக்குப் புதுசான மற்ற பதினெட்டுப் பேரும் வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி ஜோராகக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வீரமலை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"காட்டுங்க."

"வேணாம் சார்."

"காட்டலைன்னா ஃபெயில் போட்டுடுவேன்."

"போடுங்க சார்."

திமிரைப் பாருங்கள்! பிரஹலாத் சிவப்புப் பேனாவில் ஃபெயில் என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஏன் வீரமலை, ஒரு விரலைத் தூக்கறதுல என்ன குறைஞ்சு போச்சு? வேலை போயிடுமே!"

வீரமலை சுற்றிலும் பார்த்தார். கமலினிகூட இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"சார், துறைமுகத்துல கையை நீட்டிக் கட்டை விரலைக் காட்டினா, கிரேனோட கையை மேல தூக்குன்னு அர்த்தம். டிரைவர் சரக்கோட தூக்கிடுவான். கீழ ஆளுங்க நிப்பாங்க."

பிரஹலாதுக்கு ஏசியிலும் வேர்த்தது.

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படி சார்? வாத்தியாராச்சே."

"ஐயோ, மத்த பதினெட்டுப் பேர்?"

"டீக்கடையில வச்சு சொல்லிட்டேன் சார். இங்க சார் காட்டினதைக் காட்டுங்க, அங்க நான் சொன்னதைக் காட்டுங்கன்னு."

பிரஹலாத் பட்டியலை எடுத்து, ஃபெயிலை அடித்துவிட்டு பாஸ் என்று எழுதினார். ஆனாலும் டாக்டர் பட்டம் சும்மா இருக்குமா?

"அதெல்லாம் சரி. மூணு நாளும் வகுப்புல தூங்கினது தப்புதானே?"

"தூங்கலை சார். நீங்க விரலைத் தூக்கறப்பெல்லாம் கண்ணை மூடிக்கிட்டேன். பாத்துப் பாத்து என் கைக்கும் அது பழகிடுச்சுன்னா? கீழ நிக்கறது யாரு பெத்த புள்ளையோ!"