கீழ்வீட்டு அங்கிளுக்கு

மாலை ஆறு மணிக்கு மனைவி லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். ஓய்வுபெற்ற சர்வேயரான தன் கணவரைச் சட்டை மாற்றச் சொல்லி அதன் எதிரில் உட்கார வைத்தாள்.

"நமக்கு மேல் மாடியில வாடகைக்கு இருந்த பொண்ணுதாங்க. இன்னைக்கு ஆன்லைன் கச்சேரியில அவதான் சிறப்பு விருந்தினர். இவ்வளவு பெரிய இசையமைப்பாளர் ஆகியும் நம்மளை மறக்காம கூப்பிட்டிருக்கா பாருங்க."

நான்கு பேர் வயலின் வாசித்தார்கள். புதுமாதிரி இசை. ஏறிக்கொண்டே போய், சட்டென்று பாதியில் நின்றுவிட்டது.

பிறகு அந்தப் பெண் திரையில் வந்தாள்.

"இதை எழுதிட்டிருந்தப்போ ஒரு வாடகை வீட்டு மாடியில இருந்தேன். பியானோ சத்தம் தாங்கலைன்னு யாரோ வீட்டுக்காரருக்கு மொட்டைக் கடுதாசி போட்டாங்க. பத்தே நாள்ல காலி பண்ணச் சொல்லிட்டாரு. அதான் பாதியில நிக்குது. ஆனா கீழ்வீட்டு அங்கிள் ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை. காலி பண்ணப்போ பெட்டியெல்லாம் இறக்கிக் குடுத்தாரு. இந்த இசை அவருக்குத்தான்."

திரையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"அந்தக் கடுதாசி போட்டவன் விளங்குவானா?" என்று மனைவி அவர் காதோரம் முணுமுணுத்தாள்.

"அங்கிள், ரெண்டு வார்த்தை பேசுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

அவர் வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"அவருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சும்மா," என்றாள் மனைவி, பெருமையாக.

அவர் தலைகுனிந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று, அந்தக் கடிதத்தை அவர் இந்தக் கையால்தான் எழுதியிருந்தார்.